விரல் இல்லாத இடம்

வலது கை பிர்ச் மரக் கத்தியைச் சாய்த்துப் பிடித்துக் களிமண்ணுக்கு அடியில் மெல்ல நுழைத்தது. இடது கை செம்புக் குழாயை அசையாமல் பிடித்திருந்தது. இந்த வேலைக்கு இரும்புக் கத்தி ஆகாது. செம்பில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், அது பூமிக்கு அடியில் விழுந்ததா, மேசை மேல் விழுந்ததா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் கத்தியையும் அந்தக் கைகளே செதுக்கிக்கொண்டன. சாம்பல் நிறக் களிமண் ஈரமாக, இறுகிய பாலாடைக்கட்டி போலப் பெயர்ந்து வந்தது. ஒரு நகத்தளவு பெயர்த்துத் தட்டில் வைப்பது, பிறகு இன்னொரு நகத்தளவு.

இதெல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நடந்தது. பெட்டிக்குள் காற்று கிடையாது, நைட்ரஜன் மட்டும்தான். பெட்டியின் சுவரிலேயே ஒட்டியிருக்கும் தடித்த ரப்பர் உறைகளுக்குள் கைகளை விட்டுத்தான் உள்ளே வேலை செய்ய வேண்டும். வெளியே நின்றவளின் முகத்தில் அதுவரை அலுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அடுத்த துண்டு பெயர்ந்ததும் கைகள் நின்றுவிட்டன. தேன் நிறமும் பழுப்பும் கலந்து மங்கியிருந்த செம்பின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

பக்கத்தில் கொஞ்சம் பெயர்த்ததும் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மூன்றாவது.

இங்கெலா கைகளை உறையிலிருந்து உருவிக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். முதல் பயம் தன் மேல்தான் வந்தது. உறையில் ஊசித்துளை விழுந்து காற்று உள்ளே போயிருந்தால், இந்தப் புள்ளிகள் இன்று காலையில் அவள் கண் முன்னாலேயே பிறந்தவையாக இருக்கலாம். பெட்டியின் ஆக்ஸிஜன் அளவுமானியைப் பார்த்தாள். முள் பூச்சியத்தில் கிடந்தது. தட்டிப் பார்த்தும் அசையவில்லை. உறைகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். ஒரு குமிழி கூட எழவில்லை. அவள் கெடுக்கவில்லை. அப்படியானால் புள்ளிகள் பாறைக்குள் இருந்தபோதே வந்தவை.

இரண்டாவது பயம் அப்போதுதான் வந்தது.

எங்கள் ஊருக்கு அடியில் இருக்கும் பாறைக்குள் சுரங்கம் இறங்குகிறது. அணு உலைகளில் எரிந்து முடிந்த எரிபொருளைச் செம்புப் பெட்டிகளில் அடைத்து, களிமண்ணால் சுற்றி, அந்தச் சுரங்கத்தில் புதைக்கப்போகிறார்கள். அந்தச் செம்பு லட்சம் ஆண்டு தாங்க வேண்டும். லட்சம் ஆண்டு காத்திருந்து பார்க்க ஆள் இல்லாததால், சின்னக் குழாய்களை அதே களிமண்ணில் சுற்றி, உள்ளே மின்கம்பி வைத்துச் சூடாக்கி, அதே பாறையில் இறக்கி மூடினார்கள். இருபது ஆண்டு கழித்து ஒன்றை எடுத்துப் பார்த்தால், செம்பு எந்த வேகத்தில் கிழமாகிறது என்று கணக்குப் போடலாம். இங்கெலா தோண்டிக்கொண்டிருந்தது அப்படி வெளியே எடுத்து, களிமண்ணோடு துண்டுகளாக வெட்டியிருந்த ஒரு குழாயைத்தான். செம்பு ஒரே சீராக மெலிந்திருந்தால் பயமில்லை, தடிமனைப் பார்த்து ஆயுளைச் சொல்லிவிடலாம். புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தால் கதை வேறு. குழிக்குத் தடிமன் ஒரு பொருட்டே இல்லை. முதல் பெட்டி அடுத்த கோடையில் இறங்குவதாக இருந்தது.

அவள் ரசாயனம் படித்தவள் அல்ல. தேவாலயக் கூரைகளுக்குச் செம்புத் தகடு அடிக்கும் வேலையில் இளமை போனது. முழங்கால் ஏணிக்கு மறுத்த பிறகு இங்கே வந்தாள். செம்பு எப்படிப் பழுக்கும், எப்படிக் கறுக்கும், எந்த ஓரத்தில் முதலில் பச்சை பிடிக்கும் என்பதெல்லாம் கூரை மேல் நின்று கண்ணால் பார்த்தது. மீதியை இந்தப் பெட்டிக்கு முன்னால் தானாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள்.

மத்தியானம் வரை களிமண்ணைப் பெயர்த்தாள். புள்ளிகளுக்குக் கீழே ஒரு பழுப்பு நிழல் தெரிந்தது. நிழல் அகலமாகி, ஒரு பக்கம் திரண்டு, வளைந்து இறங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மறுபக்கமும் சாய்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அது ஒரு உள்ளங்கை.

கூரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. புதுத் தகட்டை வெறுங்கையால் தொட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. முதல் இலையுதிர் மழை முடிந்ததும் ரேகையோடு கை கறுப்பாக எழுந்து நிற்கும். கை வியர்வையின் உப்பு செய்யும் வேலை. குழாயை மூடும் முன் யாரோ உறையில்லாமல் தொட்டிருக்கிறார்கள். விரல் நுனி அழுந்திய இடங்களில் புள்ளி, மொத்தம் ஐந்து.

தலைநகரில் இருந்த இல்வாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். குழாய்களை அறுத்து உருப்பெருக்கியில் ஆராய்பவள் இல்வா. இங்கெலாவின் மகளைவிடச் சிறியவள். படத்தை அனுப்பியபோது மறுமுனையில் சத்தமே இல்லை.

"இல்வா, மயக்கம் போட்டுட்டியா?"

"இரு... குழி மாதிரி இருக்கே. இங்கெலா, இது குழி மாதிரி இருக்கே!"

"கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பாரு. கை அது."

"கையா?" ஒரு நொடி கழித்துப் பெருமூச்சு வந்தது. "அட கடவுளே. கட்டை விரல்கூடத் தெரியுது. எந்தக் கழுதை தொட்டது?"

"எந்தக் கழுதையா இருந்தா என்ன? உனக்கு உயிர் வந்துச்சா?"

"வந்துச்சு. சரி, அந்தத் துண்டைத் தனியா வச்சுடு. மனுசக் கை பட்டதைக் கணக்குல சேக்கக் கூடாது. அதை அறுக்க வேண்டாம். மத்தத் துண்டுங்கள மட்டும் அறுத்துப் பாக்கறேன். திங்கக்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன்."

அன்று காப்பி வேளையில் ஏலக்காய் ரொட்டியை இங்கெலாதான் எல்லாருக்கும் வாங்கி வைத்தாள்.

பயம் அத்தோடு போயிருக்க வேண்டும். மாலையில், துண்டைத் தனியே வைக்கும் முன், விளையாட்டாகத் தன் கையை உறைக்குள் விட்டு அந்தத் தடத்துக்கு மேலே, தொடாமல், பொருத்திப் பார்த்தாள். தடம் பெரியது, ஆண் கை. ஆட்காட்டி விரலின் நிழல் புள்ளி வரை நீண்டு போயிருந்தது. நடுவிரலும் அப்படித்தான். சுண்டுவிரலும். மோதிர விரலின் நிழல் மட்டும் பாதியிலேயே நின்றது. அதற்கு மேல் சுத்தமான செம்பு. அதற்கும் மேலே, விரல் நுனி இருக்க வேண்டிய இடத்தில், புள்ளி.

மோதிர விரல் பாதியில் நிற்கும் ஒரு வலது கையை அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். யெர்க்கர் இளைஞனாக இருந்தபோது கப்பல் கட்டும் தளத்தில் தகடு வளைக்கும் இயந்திரம் அந்த விரலைக் கடித்துவிட்டது. குழாயை மூடிய நாளுக்குப் பல வருடம் முன்பு நடந்தது அது. அந்த நாளும் இப்போது நினைவுக்கு வந்தது. எல்லாரும் உறை மாட்டிக்கொண்டு நிற்க, யெர்க்கர் மட்டும் உறையைக் கழற்றி, குழாயை ஒரு தட்டுத் தட்டி, அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்படியானால் அந்த ஐந்தாவது புள்ளியைத் தொட விரலே இல்லை.

மற்ற நான்கிலும் ஓரத்தில் வியர்வை உப்பின் மெல்லிய பச்சை இருந்தது. இதில் பச்சை இல்லை. வெறும் கறுப்பு. அவள் விளக்கை அணைக்காமலே கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்து அணைத்தாள்.

சனிக்கிழமை மகள் தூவாவின் வீட்டுக்குப் போனாள். கடலைப் பார்த்த பாறைச் சரிவில் புது வீடு. முந்தின வாரம்தான் முற்றத்தில் கிணறு துளைத்திருந்தார்கள்.

"அம்மா, குடிச்சுப் பாரேன். ஊர்லயே இப்படித் தண்ணி கிடையாதாம். பாறைக்குள்ளேருந்து நேரா வருது."

இங்கெலா கண்ணாடிக் குவளையை வாங்கினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. பாறையில் இன்னும் எதுவும் புதைக்கவில்லை, ஒரு பெட்டி கூட இறங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் குவளை உதட்டருகே வந்து நின்றுவிட்டது.

"என்னம்மா, பூச்சி கீச்சி கிடக்கா?"

"இல்ல. பல் கூசுது."

"உனக்கா? பனிக்கட்டியைக் கடிச்சுத் தின்னவ நீ."

இங்கெலா ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் குவளையை மேசை மேல் வைத்தாள். மீதியை மகள் குடிப்பதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நவம்பர் வெளிச்சம், மூன்று மணிக்கே முடிந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து நேராக யெர்க்கர் வீட்டுக்குப் போனாள். சுரங்கத்தில் குழாய் இறக்கும் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அவர் வேலை, புதைப்பது பற்றிய சுற்றுவட்டாரக் கூட்டங்களில் எழுந்து பேசுவது. பயந்தவர்கள் கேள்வி கேட்டால், "பொறியாளர் சொல்றதை நம்ப வேண்டாம், என்னை நம்புங்க. நானே இந்தக் கையால மூடி அனுப்பினேன்" என்று அந்தக் குறை விரல் கையைத் தூக்கிக் காட்டுவார். மக்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பாதிப் பேர் மனம் மாறியும் போவார்கள்.

அவர் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பன்றிக்கறி வைத்து உருட்டும் கொழுக்கட்டை. அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"வா கூரைக்காரி. செருப்பைக் கழட்டு, இப்பதான் தரையைத் துடைச்சேன்."

அவள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "வலது கையைக் காட்டு."

"எதுக்கு? ஜோசியம் பாக்கப் போறியா? ஆயுசு கெட்டின்னு ஏற்கெனவே சொல்லிட்டாங்க."

"குழாயை மூடின அன்னிக்கு நீ உறையைக் கழட்டினே."

கொழுக்கட்டை அவர் கையில் நின்றது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்துல நான்தான் நின்னேன். கண்ணடிச்சியே, மறந்துட்டியா?"

"நல்லாக் கண்ணடிச்சேனா?" என்று சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "இத பாரு, எங்க தளத்துல கப்பல் தண்ணிக்குள்ள இறங்கறப்ப வெறுங்கையை வச்சுத்தான் அனுப்புவோம். உறை போட்ட கையால அனுப்பினா அது கப்பலுக்கு அவமானம். அப்படியே பழகிட்டேன்."

"அந்தக் கப்பலெல்லாம் போயிடும். இது திரும்பி வந்திருக்கு, யெர்க்கர். உன் கையும் கூடவே வந்திருக்கு. பாதி விரல் முதக்கொண்டு."

அவர் முகம் சிவந்தது. பிறகு தோளைத் தளர்த்தினார். "சரி. என் குத்தம்தான். அப்ப செம்பு மேல குத்தம் இல்லதானே? நல்லதுதானே? இதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"அந்தப் பாதி விரலுக்கு மேல, விரலே இல்லாத இடத்துல, ஒரு புள்ளி இருக்கு."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பாத்திரத்தில் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"ஆழமா?" என்றார் கடைசியில்.

"ஊசி முனை இறங்கும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா? அதுக்குப் போய்... நம்ம பேரப் புள்ளைங்க காலத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"பேரப் புள்ளைங்களுக்கு மட்டும் செஞ்ச பெட்டியா அது?"

"வேற ஏதாச்சும் அழுக்கா இருக்கலாம். வேற யாராச்சும் தொட்டிருக்கலாம்."

"இருக்கலாம். அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். கை பட்ட துண்டுன்னு ஒதுக்கி வச்சுட்டா யாரும் அறுக்க மாட்டாங்க. குழாயை அறுக்கற இல்வா திங்கக்கிழமை வர்றா. அவ கண்ணுக்கு அது எந்தக் கழுதையோ தொட்ட முழுக் கை. அஞ்சு விரலுக்கு அஞ்சு புள்ளி, சரியாப் போச்சு. யார் கைன்னு தெரிஞ்சாத்தான் அதுல ஒண்ணு அதிகம்னு தெரியும்."

"அப்ப நான் போய் ஊர் முன்னால நின்னு, நான்தான் விதியை மீறின முட்டாள்னு சொல்லணும். அதுவும் செம்பு ஓட்டையாகுதுன்னு சொல்றதுக்காக. இத்தனை வருஷம் நேர்மாறாப் பேசிட்டு."

"ஓட்டையாகுதுன்னு யாரும் சொல்லல."

"பத்திரிகைக்காரன் சொல்லுவான்." அவர் அடுப்பை அணைத்தார். "என் பொண்ணும் இங்கதான் இருக்கா, இங்கெலா. எனக்கு மட்டும் பயம் இல்லைன்னு நினைக்காதே. கூட்டத்துல கையைத் தூக்கறப்பல்லாம் அவங்களுக்காகவா தூக்கறேன்? எனக்கே தைரியம் வரணும்னுதான் தூக்கறேன்."

வாசலில் ஒரு டப்பாவில் கொழுக்கட்டை போட்டுக் கொடுத்தார். "நீ வரவே இல்ல, நான் ஒண்ணும் கேக்கல" என்று கதவைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் அந்த டப்பா திறக்கப்படாமல் இருந்தது. அது யார் கை என்று இல்வாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இங்கெலாவால் முடிவு செய்ய முடியவில்லை. அவள் சொன்னால் யெர்க்கர் மறுக்கலாம். ஊரே சிரித்து நம்பும் மனிதர், இவளோ கூரை வேலைக்காரி. அதைவிட மோசமான எண்ணம் ஒன்றும் இருந்தது. மரக் கத்தியை அந்தப் புள்ளி மேல் கொஞ்சம் அழுத்தி இழுத்தால் போதும். அது கீறலாகிவிடும், யாருக்கும் எந்தக் கேள்வியும் இருக்காது. தன் கைக்கு அது முடியும் என்று தெரிந்ததுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை காலையில் மற்றத் துண்டுகளை நைட்ரஜன் நிரப்பிய எஃகுக் குப்பிகளில் அடைத்து மூடியிருந்தாள். கை பட்ட துண்டு மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மரக் கத்தியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

இல்வா குளிரில் சிவந்த மூக்கோடு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "எங்க நம்ம கழுதையோட கை? அதைப் பாக்கத்தான் வந்தேன்."

"இல்வா, உக்காரு. அதை ஒதுக்கக் கூடாது. அறுக்கணும்."

"ஏன்? கைதானே?"

"நாலு புள்ளி கை. ஒண்ணு இல்ல." "அது என்னன்னு எனக்குத் தெரியாது. விரல் இல்லைன்னு மட்டும் தெரியும்."

இல்வா கண்ணாடியில் நெற்றி முட்டும்படி குனிந்து பார்த்தாள். "விரலை லேசா வச்சிருந்தா நடுவுல தடம் விட்டுப் போகும். நுனி மட்டும் பட்டிருக்கலாமே. எப்படி அவ்ளோ உறுதியாச் சொல்ற? யாரோட கை இது?"

இங்கெலா வாயைத் திறந்தாள். பெயர் வெளியே வரவில்லை. பின்னால் கதவு திறந்தது.

யெர்க்கர் கூட்டங்களுக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகம் மட்டும் கூட்டத்துக்கு வந்தவருடையது போல் இல்லை. கதவருகிலேயே காலணியைக் கழற்றப் போனவரை இங்கெலா தடுத்தாள். "இது வீடு இல்ல, யெர்க்கர்."

"பழக்கம்." இல்வாவைப் பார்த்துத் தலையசைத்தார். "கழுதை நான்தான்."

வேறு எதுவும் சொல்லாமல் பெட்டியருகே போய், வலது கையை ரப்பர் உறைக்குள் விட்டார். உறை தடிப்பானது, ஐந்து விரலும் அதற்கு உண்டு. கட்டை விரல் நிரம்பியது, ஆட்காட்டி விரல் நிரம்பியது, நடுவிரலும் சுண்டுவிரலும் நிரம்பின. மோதிர விரலின் மேல்பாதி மட்டும் உள்ளே ஒன்றும் இல்லாமல் தொங்கியது. அவர் கையை மெதுவாகக் குழாய்த் துண்டுக்கு மேலே கொண்டுவந்து, தொடாமல், தன் பழைய தடத்துக்கு நேராக விரித்துப் பிடித்தார். நான்கு விரலுக்குக் கீழே நான்கு புள்ளிகள் மறைந்தன. ஐந்தாவது புள்ளிக்கு மேலே வெறும் ரப்பர் ஆடிக்கொண்டிருந்தது.

நைட்ரஜன் குழாயின் சீறல் மட்டும் கேட்டது.

"எப்ப போச்சு?" என்று இல்வா விரலைக் காட்டிக் கேட்டாள். அவள் குரல் சின்னதாக இருந்தது.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி." அவர் கையை உருவிக்கொண்டார். கை முழுக்க வியர்த்திருந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "அறுத்துப் பாரும்மா. நல்ல சேதியா இருந்தா எனக்கு முதல்ல சொல்லு. கெட்ட சேதியா இருந்தாலும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும். ஊருக்கு நான் சொல்லணும்ல."

இல்வா ஒரு மெல்லிய ஒளிபுகும் தாளை எடுத்து வைத்தாள். யெர்க்கர் அதன் மேல் கையை விரித்து வைக்க, அதைச் சுற்றி அவளே கோடு இழுத்தாள். கோடு குறை விரலைச் சுற்றிவரும்போது கொஞ்சம் நெளிந்தது.

இங்கெலா உறைகளுக்குள் கைகளை விட்டாள். துண்டை எடுத்துப் பட்டுத்துணியில் வைத்து, எஃகுக் குப்பிக்குள் இறக்கி, மூடியைத் திருகி, கடைசிச் சுற்றை இரண்டு கையாலும் இறுக்கினாள். பக்கக் கதவு வழியாகக் குப்பியை வெளியே எடுத்தாள். ஒதுக்கி வைக்க வேண்டியது என்று அந்தக் குப்பியில் முன்பே கட்டி வைத்திருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்தாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் தன் பையிலேயே திணித்துக்கொண்டாள்.

குப்பி கையில் கனத்தது. ஜன்னலுக்கு வெளியே, தூவாவின் வீடு இருக்கும் சரிவின் மேல், பனி விழத் தொடங்கியிருந்தது. அவள் குப்பியை நீட்டினாள். இல்வா கோட்டுக் கைகளை மேலே தள்ளிவிட்டு, தூங்கும் குழந்தையை வாங்குவது போல, இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டாள்.